அத்தை அறையில் ஒரு த்ரீ நாட் த்ரீ

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், காலாண்டுப் பரீட்சையை ஒட்டி, மூன்று வாரம் எங்கள் செம்பாக்கம் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. நிஜத் துப்பாக்கி. நிறுத்தி வைத்தால் என் தோள் உயரம் வரும். அதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று அம்மா சாமி படத்தின் முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதுவரை நான் காப்பாற்றியிருந்த பெரிய ரகசியம் ஒரு கணக்கு டெஸ்டின் மதிப்பெண் மட்டும்தான். ஆகவே எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துப்பாக்கி கிடைத்தது தாத்தாவின் வீட்டில். மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் அந்த வீடு இருந்தது. ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலோ இந்தியரிடமிருந்து தாத்தா அந்த வீட்டை வாங்கினாராம். அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிற அவசரத்தில், மேஜை நாற்காலி முதல் சுவரில் மாட்டியிருந்த மான்கொம்பு வரை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தாத்தா காலமான பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. கடைசியில் அதை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரிடம் கொடுப்பதென்று முடிவாயிற்று. பெரியப்பாவுக்கு ஒரு ஃபிளாட், அப்பாவுக்கு ஒரு ஃபிளாட். அவர்களின் தங்கையான அத்தை எங்களோடுதானே இருக்கிறாள் என்று அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அதில் ஏதும் குறை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. அத்தை எங்களோடு இருப்பது எனக்கு வசதியாகவே இருந்தது.

அத்தை கல்யாணமாகி, நாலு வருஷத்தில் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாஷிங் மெஷின் இருக்கும் பின்னறைதான் அவளுடைய அறை. ரேஷன் கடை, மாவு மில், என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது, திரும்பக் கூட்டி வருவது என்று அவள் நாள் போய்க்கொண்டிருந்தது. அதிகம் பேச மாட்டாள். நடக்கும்போது மட்டும் யாரோ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போல முதுகு நேராக இருக்கும்.

வீட்டை ஒப்படைக்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தோம். முன்கூடத்தில் மரப்பலகை அடித்த கூரை ஒன்று உண்டு. ஒரு பலகை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா ஏணியில் ஏறி அதை இழுத்தார். எலிப்புழுக்கையும் தூசியுமாகக் கொட்டியதோடு, கித்தான் துணி சுற்றிய நீளமான ஒன்று அவர் தோளில் வந்து விழுந்தது. துணியை விலக்கியதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்பா, பெரியப்பாவைப் பார்த்து, "கீழ வைண்ணா, கீழ வை" என்று சொன்னாரே தவிர, கிட்டே போகவில்லை. பெரியப்பாவும் கையில் பாம்பைப் பிடித்தவர் போல நின்றுகொண்டிருந்தார்.

அத்தைதான் போனாள். அவர் கையிலிருந்து அதை வாங்கி, குழாயை மேல்நோக்கிப் பிடித்து, பக்கத்திலிருந்த கைப்பிடியை ஒரு தூக்கு தூக்கிப் பின்னால் இழுத்தாள். துருவேறிய சத்தத்தோடு அது திறந்தது. உள்ளே பார்த்தாள். விரலை விட்டுத் தடவினாள்.

"உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வேல? வெடிச்சுத் தொலைக்கப் போகுது!" என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள். அத்தை அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தூசியைக் கூட்டப் போய்விட்டாள். திறக்கவும் பார்க்கவும் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன.

பெரியப்பாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது எவ்வளவு போகும்?

அவருக்கு முடிச்சூரில் ஒரு அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிப்பார். பெருவெள்ளத்தில் தண்ணீர் கடையின் பெயர்ப்பலகை வரை ஏறி, மெஷின் மூன்று நாள் சேற்றுக்குள் கிடந்தது. பிறகு அதை எடைக்குத்தான் போட முடிந்தது. அன்றிலிருந்து மாதிரிப் பத்திரிகைகள் ஒட்டிய தடிமனான ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு, வேறு அச்சகங்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மழை இருட்டினால் பேச்சு நின்றுபோகும். எழுந்து போய் வானத்தைப் பார்ப்பார். இன்னொரு மெஷின் வாங்கி அதை மாடியில் வைக்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

துப்பாக்கியைக் கோரைப்பாயில் சுருட்டி ஆட்டோவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

"இன்னா சார் பாய்க்குள்ள? கனமா கீது?" என்றார் ஆட்டோக்காரர்.

"கர்ட்டன் ராடுப்பா" என்றார் பெரியப்பா. செம்பாக்கம் ஏரிக்கரை வரும் வரை அப்பாவின் கைக்குட்டை அவர் நெற்றியை விட்டு இறங்கவில்லை.

முடிச்சூரில் பெரியப்பா வீட்டில் அதை வைக்கப் பெரியம்மா சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா சம்மதிக்கவில்லை. கூடத்தில் நின்று விவாதம் நீண்டபோது, "என் ரூம்ல இருக்கட்டும் அண்ணி, எனக்கொண்ணும் பயமில்ல" என்றாள் அத்தை. எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. துப்பாக்கி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குடியேறியது.

அந்த வாரம் பெரியப்பா கைப்பேசியில் உலகத்துத் துப்பாக்கிகளையெல்லாம் தேடிப் படித்தார். எந்த ராஜ்ஜியத்தில் செய்தது, எந்த வருஷம், எந்த ரகம் என்பதற்கெல்லாம் உலோகத்தில் குத்திய முத்திரைகள்தான் ஜாதகம் என்று கண்டுபிடித்தார். ஆனால் போட்டோவில் முத்திரை தெளிவாக விழவில்லை. அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன். காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்பதில் எங்கள் வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

அத்தை துப்பாக்கியைக் கட்டிலில் கிடத்திப் பிடித்துக்கொண்டாள். நான் காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். கைப்பிடிக்குக் கீழே இருந்த இரும்பு வளையத்திலிருந்து முதலில் ஒரு கிரீடம் எழுந்து வந்தது. அதன் கீழே இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒரு ஊர்ப்பெயர், ஒரு வருஷம், ரகத்தின் எண். பூமிக்குள்ளிருந்து ராஜாவே எழுந்து வந்தது போல இருந்தது.

"அத்த, இந்தப் பக்கமும் ரெண்டு எழுத்து இருக்கு" என்றேன்.

"அது வெறும் கீறல்டா கண்ணு" என்று அத்தை கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டாள். "கிரீடத்த இன்னொரு வாட்டி நல்லா எடு. அதுதான் அழகா வந்திருக்கு."

நான் கிரீடத்தையே நாலு வாட்டி எடுத்தேன்.

பெரியப்பா காகிதத்தை விளக்கடியில் வைத்துப் படித்தார். முதல் உலகப் போர் காலத்தது. இங்கிலாந்து ராஜாவின் முத்திரை. சட்டை கசங்க அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தெருவில் டுப்புடுப்பென்று ஓடுகிற மோட்டார் சைக்கிளின் பேரே அதில் ஊர்ப்பெயராக இருப்பதைக் கண்டு, "பாத்தியாடா, பைக்குக்கே இந்தப் பேருக்கு அவ்வளவு வெல. இது நூறு வருஷத்து சரக்கு" என்றார். மரக்கட்டையின் மேல் சுற்றிலும் மங்கலான வெள்ளைப் பட்டை இரண்டு இருந்தது. அது அதிகாரிகளின் துப்பாக்கிக்கு மட்டும் போடுகிற வெள்ளிப் பூச்சாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அதற்குப் பிறகு வீட்டில் காற்றே மாறிவிட்டது. துப்பாக்கியை ஏரியில் கொண்டுபோய்ப் போடச் சொன்ன அம்மா, ஓரிரு நாளில் ஏரி வேண்டாம் என்றாள். அப்பா பேராசை பெருநஷ்டம் என்று சொல்லிக்கொண்டே ஃபிளாட்டுக்கு மாடுலர் கிச்சன் விலை விசாரித்தார். நான் கியர் வைத்த சைக்கிளுக்கு மனு போட்டேன். "உனக்கு என்ன வேணும் அத்த?" என்று கேட்டேன். "இது இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருந்தா போதும்" என்றாள். பெரியப்பாவின் ராசிக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

காலாண்டு விடுமுறையில் ஒரு மதியம், டியூஷன் டீச்சர் ஊரில் இல்லாததால் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அத்தை நைட்டிக்கு மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு விறைத்து நின்றுகொண்டிருந்தாள். உதட்டுக்குள் ஏதோ இந்தியில் சொன்னாள். துப்பாக்கி காலடியிலிருந்து எழும்பித் தோளுக்குப் போயிற்று. மறுபடி ஏதோ சொன்னாள். தோளிலிருந்து முகத்துக்கு நேரே வந்து நின்றது. வெறுங்காலைத் தரையில் அடிக்காமல், அடிக்கிற மாதிரி வைத்தாள். கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்கக் கூடாதென்று இருக்கலாம். முகமெல்லாம் வேர்வை. நான் அதுவரை பார்த்திராத ஒரு முகம்.

"என்னத்த பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "முதுகுவலிக்கு எக்சர்சைஸ்" என்றாள்.

நான் நம்பினேன். அம்மாவின் முதுகுவலிக்கும் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, அம்மாவால் அந்த எடையைத் தூக்க முடியாதென்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெரியப்பா என்னைப் பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பென்சில் படத்தை எடுத்தவள் என்ற முறையில் நானும் ஒரு சாட்சி. பழைய கிராமபோன், பித்தளைக் கடிகாரம், உடைந்த பொம்மைகள் என்று பரப்பி வைத்திருந்த ஒருவர், காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"ராஜா கிரீடம் கீதே சார்! எங்க புட்ச்ச?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "சரக்க எட்த்துகினு வா. ரெண்டு லட்சத்துக்கு பார்ட்டி நம்மகிட்ட கீது. ஆனா போலீசாண்ட மட்டும் வாயத் தொறந்துடாத. பேஜாராயிடும்."

பெரியப்பா வழியெல்லாம் ரெண்டு லட்சம் என்பதை வேறு வேறு ராகத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கோ, கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் ஆபீசில் பேனா மூடியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, அதை ரகசியமாக விற்பது என்பதெல்லாம் அவரை அன்றிரவு சாப்பிட விடவில்லை.

"விக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிடலாம்ணா. அவர் சொல்றபடி செய்வோம்" என்றார். அண்ணனிடம் அப்பா அவ்வளவு அழுத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

தெரிந்த ஒருத்தர் என்பது அம்மா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து இந்தி டீச்சரின் கணவர். ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஹவில்தார். பெருங்களத்தூர்ப் பக்கம் துப்பாக்கி சுடப் பழகுகிற மையம் ஒன்றில், பிள்ளைகளின் ஏர் ரைஃபிள்களைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்தார். குள்ளமான மனிதர். நரைத்த மீசை, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. அம்மா காப்பி கொண்டுவந்ததற்கு, "வேல முடியட்டும்மா" என்று கையைக் காட்டினார். என் பென்சில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்லா எடுத்திருக்கியே" என்று என்னிடம் சொன்னார். அதை நான் பள்ளி திறந்ததும் யாரிடமும் சொல்ல முடியாது என்பது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

"த்ரீ நாட் த்ரீ. நம்ம போலீஸ்காரங்ககூட ரொம்ப வருஷம் வெச்சிருந்தாங்களே, அதோட அண்ணன்" என்றார். "எங்க, பொருளக் காட்டுங்க."

அத்தை உள்ளே போய் அதை எடுத்து வந்தாள். எடை இருபுறமும் சமமாகிற இடத்தில் ஒரு கை, குழாய் வானத்தைப் பார்க்க, விரல் சுடுகிற விசைக்கு வெளியே. ஹவில்தார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இதுக்கு எண்ணெய் போட்டது?"

"நான்தான் சார். தையல் மெஷின் எண்ணெய்தான் இருந்தது."

அவர் நிமிர்ந்து நின்றுகொண்டார். பிறகு மெதுவாக, ஆனால் குரல் முற்றிலும் மாறிப்போய், "நிரீக்ஷண் கே லியே... ஜாஞ்ச் சஸ்த்ர!" என்றார். சோதனைக்குத் துப்பாக்கியைத் திறந்து காட்டு என்பதுதான் அதன் அர்த்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அத்தை யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். யோசிக்க நேரமில்லை. துப்பாக்கி அவள் மார்புக்குக் குறுக்கே வந்து நின்றது. வலது கை கைப்பிடியைத் தூக்கி இழுத்தது. டக்கென்று ஒரே சத்தம். தூசியும் துருவும் மூன்று வாரத்துக்கு முன்னால் போட்ட கிரீச்சொலி இல்லை. எங்கள் கூடத்தில், டிவிக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் நடுவில், அத்தை சிலை மாதிரி நின்றாள்.

பெரியப்பா வாயைத் திறந்தபடி இருந்தார்.

"எந்த பட்டாலியன்மா?" என்றார் ஹவில்தார்.

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்ததை அத்தை சொன்னாள். மூன்று வருஷம். அதில் உச்சமான சி சர்ட்டிஃபிகேட். சுடும் போட்டியில் மாநில அளவில் போனது. தாத்தா வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"டெல்லி? ஜனவரி இருபத்தாறு பரேடு?"

"செலக்ட் ஆனேன் சார். போகல." அத்தை துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மஞ்சக்காமாலைன்னு லெட்டர் குடுத்தாங்க வீட்ல. ஜாதகம் பாத்துட்டு இருந்தாங்க. பொண்ணு ஒரு மாசம் வெளியூர்ல இருந்தா என்ன சொல்லுவாங்களோன்னு..."

"அந்த லெட்டர நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றார் அப்பா.

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் ஹவில்தாரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கோ அத்தைக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது என்பதே புதுச் செய்தி. எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு வந்து கீழாநெல்லி கொடுத்தார்கள். அத்தைக்கும் கொடுத்தார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பெரியப்பாதான் எல்லோரையும் மீட்டார். "சார், இதோட மதிப்பு..."

ஹவில்தார் துப்பாக்கியை வாங்கி மேஜைமேல் கிடத்தினார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இருந்தும் பெரியப்பாவுக்காகப் பொறுமையாக ஒவ்வொன்றையும் காட்டினார். கிரீடம் உண்மை. வருஷம் உண்மை. போருக்குக்கூடப் போயிருக்கலாம். ஆனால் இந்த வெள்ளைப் பட்டை வெள்ளியல்ல, பெயின்ட். பக்கவாட்டில் இருந்த இரண்டு எழுத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். அத்தை கட்டைவிரலால் மூடிய அதே கீறல்.

"டி, பி. டிரில் பர்ப்பஸ். பரேடு பழகறதுக்கு மட்டும்னு அர்த்தம். தேஞ்சுபோன துப்பாக்கிய இப்படி ஒதுக்கிடுவாங்க. தோட்டாவ அடிக்கற ஊசி முனைய வெட்டியிருக்காங்க, பாருங்க. தோட்டா உக்கார்ற எடத்துல ஓட்ட போட்டிருக்காங்க. வெள்ளக்காரன் காலத்துல ரயில்வேல இருந்த ஆங்கிலோ இந்தியருங்க வாராவாரம் பரேடு போகணும். உங்க வீட்டுப் பழைய ஓனர் அப்படிக் கொண்டுவந்து மறந்திருப்பாரு."

"அப்ப ரெண்டு லட்சம்?"

"சுடற துப்பாக்கியா பாத்தா சைபர் சார். இரும்பா பாத்தா எட கணக்கு. சரித்திரம் தெரிஞ்சவன் ஆசப்பட்டா பத்தோ பதினஞ்சாயிரமோ குடுப்பான். அதுக்கும் பேப்பர் வேணும்." பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. இது சுடாது, சுட வைக்கவும் முடியாது. அதனாலதான் நீங்க தப்பிச்சீங்க. முழு துப்பாக்கியா இருந்து ரெண்டு லட்சத்துக்கு வித்திருந்தீங்கன்னா, பணத்த எண்ணுறதுக்கு முன்னாடி உள்ள போயிருப்பீங்க. நாளைக்கே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுங்க. நான் கூட வரேன்."

அப்பா மூன்று வாரத்து மூச்சை ஒரேயடியாக விட்டார். பெரியப்பா எழுந்து ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. திரும்பாமலே கேட்டார்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமாடி?"

"தெரியும் பெரியண்ணா. நாங்க காலேஜ்ல பழகினதும் இதே மாதிரி வெள்ளப் பட்ட போட்டதுதான்."

"சொல்லியிருக்கலாமே."

"யாரும் என்னக் கேக்கலியே." சொல்லிவிட்டு அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேண்ணா. சொன்னா அன்னிக்கே எடைக்குப் போட்டிருப்பீங்க. நீங்க சந்தை வரைக்கும் அலைவீங்கன்னு நெனக்கல. தப்புதான்."

பெரியப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "கர்ட்டன் ராடுன்னு சொன்னேன் ஆட்டோக்காரன்கிட்ட. கடைசில அதுதான் கரெக்ட்டு" என்றார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஹவில்தார் அப்போதுதான் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். "எங்க சென்டர்ல சனி ஞாயிறு காலைல முப்பது பொண்ணுங்க வருது. அவங்களப் பாத்துக்க லேடீஸ் யாரும் இல்ல. பயந்தே பாதி பேரு நின்னுடறாங்க. வந்து பாரேம்மா. பிடிச்சா இரு" என்றார்.

அத்தை அண்ணன்களைப் பார்த்தாள். அது ஒரு பழக்கம். அவளால் என்ன செய்ய முடியும். பெரியப்பா ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். "எத்தன மணிக்கு சார்?"

கேட்டுவிட்டு, பஜ்ஜி வாங்கி வருகிறேன் என்று குடைகூட எடுக்காமல் மழையில் கிளம்பிப் போய்விட்டார். வீட்டிலேயே அம்மா வாழைக்காய் நறுக்கி வைத்திருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. அவர்களும் ஆள் வைத்துச் சோதித்து, இது சுடாது என்று எழுதிக் கொடுத்துத் திருப்பித் தந்தார்கள். பெரியப்பாவே அதைப் பெருங்களத்தூர் மையத்துச் சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டார். ஆனால் என் பென்சில் கிரீடம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் பொன்னிறத்தில் பதித்து, 'ராயல் மாடல்' என்று ஆல்பத்தில் ஒட்டினார். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ மணமக்கள் இங்கிலாந்து ராஜாவின் ஆசியோடு கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு பழைய மெஷின் வாங்கினார். மாடியில்தான்.

அத்தை முதல் முறை மையத்துக்குப் போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அப்பா அவளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை மணி நேரம். என் விளையாட்டு விழாவுக்கு அரை நாள் லீவு போடாதவர், அங்கே பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கோபத்தில் இரண்டு பன் கேட்டேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார்.

அத்தை வெளியே வந்தபோது அவள் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை இருந்தது. நடுவில் கறுப்பு வட்டம் போட்ட, குறி பார்க்கிற அட்டை. பின்னாலேயே வந்த ஹவில்தார் அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். வட்டத்துக்குள் எதுவுமில்லை. இடது பக்கம் கீழே, ஓரமாக, பத்துத் துளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் ஒரு ஐந்து ரூபாய்க் காசளவுக்குக் கிழிந்திருந்தது.

"ஒண்ணுகூட நடுவுல படலையே அத்த!" என்றேன்.

அத்தை சிரித்தாள். அப்பா அட்டையை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பப் போனார். சாவி போட மூன்று தடவை முயன்றார்.

பத்தும் ஒரே இடத்தில் விழுந்திருந்ததுதான் விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த ரைஃபிளின் குறி வேறு யாருடைய கண்ணுக்கோ திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதை அத்தையின் கண்ணுக்கு மாற்ற இரண்டு திருகு போதும். நடுவைத் தொடுவது பிறகு தானாக வரும். அத்தனை வருஷம் கழித்தும் கை ஆடவில்லை என்பதை அந்த அட்டை சொல்லியது. அங்கே நின்றிருந்த மூன்று பெரியவர்களுக்கும் அது புரிந்திருந்தது.

நான் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்து, முதல் நாள்தானே, போகப் போக வந்துவிடும், கவலைப்படாதே என்று வீடு வரும் வரை அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன்.